பின்சுவருக்கு என்ன வைப்பது

சீடருக்கு வயது ஐம்பத்தேழு. குருவுக்கு நாற்பத்து மூன்று. கணக்கு தலைகீழாக இருக்கிறதே என்று யாரும் திருத்த வர வேண்டாம், இப்படித்தான் நடந்தது.

சீடர் பெயர் அமலதாஸ். திருச்சியில் ஒரு பள்ளியில் பாட்டு வாத்தியாராக இருந்தவர். வயது வரும் முன்பே ஓய்வு வாங்கிக்கொண்டு, கிராப்பட்டியில் தன் வீட்டோடு ஒட்டிய அறையை ஒலிப்பதிவு ஸ்டூடியோ ஆக்கினார். பதினோரு அடி நீளம், ஒன்பது அடி அகலம். பாடுகிறவர், பதிவு செய்கிறவர், வேடிக்கை பார்க்க வந்தவர் எல்லோருக்கும் அந்த ஒரே அறைதான்.

குருவின் பெயர் ஹபீபா. கல்யாண மண்டபம், பள்ளிவாசல், வகுப்பறை என்று எங்கெல்லாம் பேச்சு புரியாமல் சத்தம் குழம்புகிறதோ, அங்கே போய் அறையைச் சரிசெய்து கொடுப்பது அவர் வேலை. சனிக்கிழமைகளில் பீமநகர் வீட்டு மாடியில் நான்கைந்து பேருக்கு ஒலியைப் பற்றிச் சொல்லிக்கொடுப்பார். அங்கே மூத்த மாணவர் அமலதாஸ்தான். கேள்வி கேட்பதிலும் அவரே மூத்தவர். ஹபீபாவை அவர் டீச்சர் என்பார், ஹபீபா அவரை சார் என்பார்.

ஒரு சனிக்கிழமை வகுப்பு முடிந்து மற்றவர்கள் போன பிறகும் அமலதாஸ் எழுந்திருக்கவில்லை. துணிப்பையிலிருந்து மூன்று பொருட்களை எடுத்து மேசையில் வைத்தார். ஒன்று சாம்பல் நிற ஃபோம் துண்டு. இன்னொன்று சத்தத்தைச் சிதறடிக்க ஏற்ற இறக்கமாகக் கட்டைகள் ஒட்டிய பலகை. மூன்றாவது, ராக்வுல் என்று கடையில் கேட்டால் தருவார்களே, அந்தக் கல்பஞ்சில் ஒரு துண்டு.

“டீச்சர், என் ரூம்ல பின்சுவர் மட்டும் வெறும் சுவரா இருக்கு. இந்த மூணுல எதை வைக்கட்டும்?”

ஹபீபா மூன்றையும் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

“நாலு வருசமா வெறும் சுவராத்தான இருந்துச்சு. இப்ப என்ன?”

“அது பொய் சொல்லுது.”

“யார்கிட்ட?”

“என்கிட்டதான்.”

“பொய் சொல்லுதுன்னு எப்படித் தெரிஞ்சுது?”

அமலதாஸ் சொன்னார். தங்கள் பங்குக் கோயில் திருவிழாவுக்கு ஆறு பாட்டுப் பதிவு செய்து கொடுத்திருந்தார். கொடியேற்றம் முடிந்ததும் கோயில் ஒலிபெருக்கியில் போட்டார்கள். மூன்றாவது பாட்டின் கடைசி வரியில் ஒரு ஆண்குரல் அடியாழத்துக்கு இறங்கும். அந்த இடம் வந்தபோது ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பின்வரிசையில் சிலர் சிரித்தார்கள். ஃபாதர் திரும்பிப் பார்த்தார்.

“என் ரூம்ல கேக்கும்போது அந்த இடம் மெலிஞ்சு கேட்டுச்சு டீச்சர். கனமே இல்ல. அதனால அந்த எடத்துல சத்தத்தைக் கூட்டி வச்சேன். வெளிய போட்டா இடி மாதிரி வருது. வீட்டுக்கு வந்து அளந்து பாத்தேன். என் நாற்காலிக்கும் பின்சுவருக்கும் மூணேகால் அடி. ஸ்பீக்கர்ல இருந்து போற சத்தமும் சுவர்ல பட்டுத் திரும்பி வர்ற சத்தமும் அந்த ஒரு சுரத்துக்கு மட்டும் என் நாற்காலிகிட்ட மோதி அடிபட்டுப் போகுது. நீங்க சொல்லிக்கொடுத்த கணக்குதான்.”

“கணக்கு சரி. அது யார் குரல்?”

அமலதாஸ் ஃபோம் துண்டை எடுத்துப் பைக்குள் வைத்தார்.

“சந்தியாகுன்னு ஒருத்தர். எங்க பாடகர் குழுவுல பேஸ், அடிக்குரல் பாடுறவர். இருபத்தாறு வருசமா பாடுறார். பொன்மலை ரயில் பட்டறைல இருந்து ரிட்டயர் ஆனவர்.”

“இப்பவும் பாடுறாரா?”

பலகையும் பைக்குள் போனது.

“குழுவுல இருந்து நின்னுட்டார்.”

“ஏன்?”

“இந்தப் பதிவுக்கு அப்புறம்.”

“ஏன்னு கேட்டேன் சார். எப்பன்னு கேக்கல.”

அமலதாஸ் பையின் வாயைச் சுருக்கிப் பிடித்துக்கொண்டார். “அன்னைக்கு நான் கொஞ்சம் பேசிட்டேன்.”

“நீங்க பேசினதுக்கு அவர் என்ன சொன்னார்?”

“நல்லாத்தான கேக்குது சார்னு சொன்னார்.”

“எங்க இருந்து சொன்னார்?”

“எங்கன்னா, அந்த ரூம்லதான்.”

“ரூம்ல எங்க?”

“பின்னாடி சோபாவுல. பாடி முடிச்சவங்க அங்க உக்காந்துதான் கேப்பாங்க.”

“சுவரை ஒட்டியா?”

“ஒட்டித்தான். வேற இடம் ஏது.”

ஹபீபா மேசையில் மிச்சமிருந்த ராக்வுல் துண்டை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

“திங்கக்கிழமை காலைல வர்றேன். அதுவரைக்கும் எதையும் ஒட்டிடாதீங்க.”

பயந்துதான் அப்படிச் சொல்லியிருப்பார். சுவரில் எதையாவது ஒட்டினால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று நம்புகிறவர்களை எனக்கும் தெரியும். அமலதாஸ் முதல் வருடம் நான்கு சுவரிலும் முட்டை அட்டைகளை ஒட்டினார். சத்தம் அப்படியே இருந்தது, கரப்பான்பூச்சிதான் வந்தது.

திங்கட்கிழமை பத்து மணிக்கு ஹபீபா வந்தார். அளக்கிற மைக்கும் லேப்டாப்பும் கொண்டுவருவார் என்று அமலதாஸ் எதிர்பார்த்திருந்தார். கையில் ஒரு குடை மட்டும் இருந்தது.

அறையைச் சுற்றி ஒரு முறை பார்த்தார். பக்கச் சுவர்களில் துணி போர்த்திய பலகைகள், கூரையில் இரண்டு, முன்னால் மேசையும் ஸ்பீக்கர்களும், நடுவில் அமலதாஸின் சுழல் நாற்காலி. அதற்குப் பின்னால் வெறும் சுவரை ஒட்டி ஒரு பழைய சோபா கிடந்தது.

“சந்தியாகு பாடினதை மட்டும் தனியாப் போடுங்க. நீங்க கூட்டிக் குறைச்சது வேண்டாம். பாடினது பாடினபடி.”

அமலதாஸ் தன் நாற்காலியில் உட்கார்ந்து போட்டார். குரல் மெதுவாக இறங்கி வந்தது. கடைசிப் படியில் கால் வைக்கிற இடத்தில் மெலிந்து போனது.

“பாத்தீங்களா டீச்சர்.”

“பாத்தேன். எந்திரிச்சு அந்த சோபாவுல உக்காருங்க.”

“நீங்க உக்காருங்க டீச்சர், நான் நிக்கிறேன்.”

“நான் உக்கார வரல சார்.”

நான்கு வருடத்தில் அமலதாஸ் அந்தச் சோபாவில் ஒரு நாள்கூட உட்கார்ந்ததில்லை. அது பாட வருகிறவர்களின் இடம். நல்லது கெட்டது சொல்கிறவருக்கு முன்னால் தனி நாற்காலி இருந்தது. அதை விட்டுப் பின்னால் போக அவருக்குத் தேவை வந்ததில்லை. யாரோ வீட்டுக்கு விருந்தாளியாகப் போனவர் மாதிரி சோபாவின் நுனியில் உட்கார்ந்தார்.

“நல்லாச் சாஞ்சு உக்காருங்க. அவர் அப்படித்தான உக்காந்திருப்பார்.”

சாய்ந்துகொண்டார். ஹபீபா பட்டனைத் தட்டினார்.

அதே குரல்தான் வந்தது. படிப்படியாக இறங்கியது. கடைசி இடத்தில் மெலியவில்லை. நிறைகுடத்தைத் தண்ணீர் தளும்பாமல் தரையில் இறக்கி வைப்பது போல அந்தச் சுரத்தில் வந்து அமர்ந்தது. சோபாவின் முதுகில் அது அதிர்ந்ததை அமலதாஸ் தன் முதுகில் உணர்ந்தார்.

அவர் சோபாவின் முதுகை ஒரு கையால் தொட்டுப் பார்த்தார்.

“இன்னொரு தடவை போடுங்க டீச்சர்.”

“எத்தனை தடவை பாட வச்சீங்க?”

“பதினொண்ணு.”

“அப்ப பதினொண்ணையும் கேப்போம்.”

ஒரே அறை என்பதால் மைக் எதையும் விடவில்லை. பாட்டும் இருந்தது, பாட்டுக்கு நடுவில் பேசிய பேச்சும் இருந்தது. முதல் தடவை பாடி முடித்ததும் அமலதாஸின் குரல் கேட்டது.

“அடில ஒண்ணுமே இல்லண்ணே. மறுபடி.”

“சரிங்க சார்.”

நான்காவது தடவைக்குப் பிறகு சந்தியாகு கேட்டார், “நல்லாத்தான கேக்குது சார்?”

“நான் இருக்கிற எடத்துல கேக்கல.”

ஆறாவதில் குரல் இறுகியது. எட்டாவதுக்கு முன் யாரோ தண்ணீர் குடிக்கும் சத்தம். ஒன்பதாவது முடிந்ததும் மறுபடி அமலதாஸ் பேசினார். கோபமே இல்லாத, பொறுமையான குரல். வகுப்பில் பாட வராத பையனிடம் பேசுகிற குரல்.

“வயசாயிருச்சுண்ணே. ஒத்துக்கணும். கீழ எறங்க முடியலன்னா விட்டுரலாம்.”

தொண்டையைச் செருமும் சத்தம். பிறகு சந்தியாகு லேசாகச் சிரித்தார்.

“விட்டுரலாம் சார். இன்னும் ரெண்டு வாட்டி மட்டும் பாத்துருவோம்.”

பத்தாவது ஓடியது. பதினோராவது ஓடியது. பதினோராவதில் அந்த மனிதர் பாடவில்லை, தொண்டையைப் பிடித்து இழுத்துக் கீழே தள்ளினார். கேட்கிற யாருக்கும் அது நன்றாகவே தெரியும்.

அமலதாஸுக்கு அழுகை வந்தது. அதைவிட வெட்கமாக இருந்தது. தன் குரலைத் தானே கேட்கும்போது அது இவ்வளவு நிதானமாக இருந்ததுதான் அவருக்குத் தாங்கவில்லை.

“முதல் தடவைதான் எல்லாத்துலயும் நல்லா இருக்கு,” என்றார்.

“பாட்டுல எதைச் சேர்த்தீங்க?”

“பதினொண்ணாவதை.”

ஹபீபா நாற்காலியைத் திருப்பி அவரைப் பார்த்து உட்கார்ந்தார்.

“பாடும்போது ஹெட்போன்ல கேட்டிருப்பீங்களே.”

“கேட்டேன். அதுல நல்லாத்தான் இருந்துச்சு. ஹெட்போனை நம்பாதீங்கன்னு நீங்கதான் டீச்சர் சொன்னீங்க.”

“நான் சொன்னதை நம்பினீங்க. அவர் சொன்னதை நம்பல.”

வெளியே தெருவில் காய்கறி வண்டிக்காரர் கூவிக்கொண்டு போனார்.

அமலதாஸ்தான் ஆரம்பித்தார். “சரி டீச்சர். சுவருக்கு என்ன வைக்கணும்னு சொல்லுங்க. வச்சுர்றேன்.”

“நீங்க சொல்லுங்க.”

“ஃபோம் மெல்லிசு, இந்த அடிச்சத்தம் அதைத் தாண்டிப் போயிரும். கட்டைப் பலகைக்கு எட்ட உக்காரணும், எனக்கு மூணேகால் அடிதான் இருக்கு. ராக்வுல்தான். ஓரடி கனத்துக்கு சுவர் முழுக்க நிரப்பணும். சோபாவை எடுத்தாகணும்.”

“இது உங்களுக்கு எப்ப தெரியும்?”

“அளந்த அன்னைக்கே தெரியும்.”

“அப்புறம் எதுக்கு என்கிட்ட வந்தீங்க?”

அமலதாஸ் சோபாவை விட்டு எழுந்து ஸ்பீக்கரை அணைத்தார்.

ஹபீபா குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். வாசலில் செருப்பை மாட்டியபடி சொன்னார், “சுவர்ல என்ன வைக்கிறதுன்னு சந்தியாகுகிட்ட கேட்டுட்டு வைங்க.”

மறுநாள் காலை அமலதாஸ் பொன்மலைப்பட்டிக்குப் போனார். தண்ணீர் வருகிற நேரம். சந்தியாகு குழாயில் குடங்களைப் பிடித்துப் பிடித்து வீட்டு டிரம்மில் ஊற்றிக்கொண்டிருந்தார். அறுபத்தொரு வயது, இரண்டு கையிலும் இரண்டு குடம். அமலதாஸைப் பார்த்ததும் குடங்களைக் கீழே வைத்துவிட்டு லுங்கியை இறக்கிவிட்டுக்கொண்டார்.

“வாங்க சார். ஞானசவுந்தரி, சாருக்குக் காப்பி போடு.”

மனைவி வாசலுக்கு வந்து பார்த்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போனார்.

அமலதாஸ் ஒரு குடத்தைத் தூக்கிக்கொண்டு கூடவே நடந்தார். நடந்தபடி பேசினார். பின்சுவர், மூணேகால் அடி, திரும்பி வருகிற சத்தம், நாற்காலியில் அடிபட்டுப் போய், சுவரை ஒட்டி உட்கார்ந்தவருக்கு மட்டும் முழுதாகக் கேட்கிற சுரம். கால்மணி நேரம் பேசியிருப்பார். பள்ளியில்கூட அவ்வளவு நன்றாகப் பாடம் நடத்தியிருக்க மாட்டார்.

“ஆக தப்பெல்லாம் ரூம்லதாண்ணே.”

“அப்படிங்களா சார்.”

“ஞாயித்துக்கிழமை குழுவுக்கு வந்துருங்க.”

“இருக்கட்டும் சார். இளவட்டங்க நல்லாப் பாடுறாங்க. அவங்க பாடட்டும்.”

காப்பியைக் கொண்டுவந்து வைத்த ஞானசவுந்தரி அப்போதுதான் வாயைத் திறந்தார்.

“குழுவை விடுங்க சார். வீட்ல ராத்திரி செபத்துக்கு ஒரு பாட்டு பாடுவோம், அதுகூடப் பாட மாட்டேங்கிறார். உதட்டை மட்டும் அசைக்கிறார்.”

“சும்மா இரு,” என்றார் சந்தியாகு. அவர் குரலில் கோபம் இல்லை. குடங்களை எடுத்துக்கொண்டு மறுபடி குழாய்க்குப் போனார்.

அடுத்த சனிக்கிழமை வகுப்பு தொடங்கும் முன்பே அமலதாஸ் மாடியேறிவிட்டார்.

“போய்ப் பாத்தேன் டீச்சர். எல்லாம் சொல்லிட்டேன். வர மாட்டேங்கிறார்.”

“என்ன சொன்னீங்க?”

“ரூம்லதான் தப்புன்னு.”

ஹபீபா கரும்பலகையைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். துடைப்பதை நிறுத்தவில்லை.

“வயசாயிருச்சுன்னு அவர்கிட்ட சொன்னது ரூமா?”

அமலதாஸ் தலையைக் குனிந்துகொண்டார்.

“சுவருக்கு என்ன வைக்கிறதுன்னு கேட்டீங்களா?”

“கேக்கல.”

“ஏன்?”

“அவருக்கு என்ன தெரி...”

சொல்லும்போதே அது தன் காதிலேயே விழுந்துவிட்டது. பாதியில் நிறுத்தினார். மற்ற மாணவர்கள் படியேறி வரும் சத்தம் கேட்டது. அன்று அவர் வகுப்பில் உட்காரவில்லை. இறங்கிப் போனார்.

பீமநகரிலிருந்து நேராகப் பொன்மலைப்பட்டிக்குத்தான் போனார். மதிய வெயில். சந்தியாகு வீட்டு வாசலில் கட்டிலில் உட்கார்ந்து செருப்புக்குத் தையல் போட்டுக்கொண்டிருந்தார். அமலதாஸ் நின்றுகொண்டே பேசினார்.

“அண்ணே, அன்னைக்கு நான் ரூமைப் பத்திச் சொன்னேன். என்னைப் பத்திச் சொல்லல.”

சந்தியாகு ஊசியைச் செருப்பில் குத்தி நிறுத்தினார்.

“நீங்க கேக்குதுன்னு சொன்னீங்க. நாலடி நடந்து வந்து நீங்க உக்காந்த எடத்துல உக்காந்திருந்தா எனக்கும் கேட்டிருக்கும். நான் நாற்காலியை விட்டு எந்திரிக்கல. உங்களுக்கு வயசாயிருச்சுன்னு சொன்னேன். அது பொய்ண்ணே. நீங்க முதல்ல பாடினதுதான் அசல். நான் பத்து தடவை உங்க தொண்டையைக் கெடுத்தேன். கெட்டுப்போனதை எடுத்து ஊரே கேக்கற மாதிரி போட்டேன். அவங்க சிரிச்சது உங்களைப் பாத்து இல்ல. என் வேலையைப் பாத்து.”

உள்ளே பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது.

சந்தியாகு போட்ட தையலைக் கட்டைவிரலால் நீவினார். பிறகு மெல்லச் சொன்னார்.

“எனக்கு சிரிச்சதுகூடப் பெருசாத் தெரியல சார். நீங்க பாட்டு படிச்சவரு. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன். அப்ப என் காதுக்குக் கேட்டது என்ன? எனக்குக் காதும் போயிருச்சா? அதான் பயமாப் போச்சு. இப்ப அந்த எடம் வந்தாலே தொண்டை அடைச்சுக்குது.”

அமலதாஸ் கட்டிலின் மறுமுனையில் உட்கார்ந்தார். உட்காரும்படி யாரும் சொல்லவில்லை.

“உங்க காது சரியா இருக்குண்ணே. கெட்டது என்னோடது.”

சந்தியாகு ஊசியை உருவி மறுபடி தைக்க ஆரம்பித்தார். நான்கு தையல் போட்டிருப்பார்.

“பின்சுவருக்கு என்ன வைக்கட்டும்ணே?” என்று அமலதாஸ் கேட்டார். இந்த முறை நிஜமாகவே கேட்டார்.

“என்னைக் கேக்குறீங்க?”

“உங்களைத்தான் கேக்கச் சொன்னாங்க. நானும் உங்களைத்தான் கேக்கணும்.” பையிலிருந்து ராக்வுல் துண்டை எடுத்து நீட்டினார். “இது சரியா வருமா?”

சந்தியாகு அதை வாங்கி இரண்டு விரலால் அமுக்கிப் பார்த்தார். விட்டதும் அது எழும்பி வருவதைப் பார்த்தார். முகத்தில் முதல் முறையாக ஏதோ ஒன்று தளர்ந்தது.

“இதத்தான சார் முப்பத்தோரு வருசம் ரயில்பெட்டிச் சுவருக்குள்ள அடைச்சேன். கையெல்லாம் அரிக்கும். கையுறை போட்டுக்கணும், மூக்குக்குத் துணி கட்டிக்கணும். உங்க ஆளுங்களுக்கு அடைக்கத் தெரியுமா?”

“எனக்கு ஆளே இல்லண்ணே. நான்தான்.”

“நீங்க அடைச்சா இறுக்கிருவீங்க. சத்தத்தை வாங்கிக்கணும்னா இறுக்கக் கூடாது. சும்மா நிக்கிற மாதிரி விடணும். தூள் வெளிய வராம துணி போட்டு மூடணும்.” துண்டைத் திருப்பிக் கொடுத்தார். “புதன்கிழமை வர்றேன். வேலைக்குத்தான் வர்றேன் சார். பாடச் சொல்லாதீங்க.”

“சொல்ல மாட்டேன்.”

சொன்னபடியே அமலதாஸ் அவரைப் பாடச் சொல்லவில்லை. புதன், வியாழன் இரண்டு நாளும் இருவரும் முகத்தில் துண்டு கட்டிக்கொண்டு வேலை செய்தார்கள். சோபாவை வெளியே தூக்கிப் போட்டார்கள். தரையிலிருந்து கூரை வரை மரச்சட்டம் அடித்தார்கள். அமலதாஸ் அடைத்ததைச் சந்தியாகு இரண்டு முறை பிரித்து மறுபடி அடைக்கச் சொன்னார். பாட்டு வாத்தியார் மறுபேச்சில்லாமல் செய்தார். வெள்ளிக்கிழமை காலை பழுப்பு நிறத் துணியை இழுத்துக் கட்டியதோடு வேலை முடிந்தது.

அறையில் இப்போது ஒரே ஒரு நாற்காலிதான் மிச்சம்.

“உக்காருங்கண்ணே,” என்றார் அமலதாஸ்.

“அது உங்க எடம் சார்.”

“நீங்க கேட்டுச் சொல்லுங்க.”

சந்தியாகு கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அடியில் சக்கரம் இருந்ததால் நாற்காலி கொஞ்சம் பின்னால் நகர்ந்தது. காலை ஊன்றிக்கொண்டார். அமலதாஸ் அவருக்கு மேலாகக் கையை நீட்டி முதல் தடவை பாடியதைப் போட்டார்.

குரல் இறங்கி வந்தது. சந்தியாகு மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். கடைசி இடம் வந்தது, முழுதாக வந்து அமர்ந்தது, நின்றது, முடிந்தது.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. “மறுபடி போடுங்க சார்.”

போட்டார்.

மூன்றாவது முறை போட்டபோது கதவருகில் நிழல் தெரிந்தது. ஹபீபா வந்திருந்தார். வெள்ளிக்கிழமை வேலை முடிகிறது என்று அமலதாஸ்தான் சொல்லியிருந்தார். அவர் ஏதோ பேச வாயெடுக்க, ஹபீபா வேண்டாம் என்று கையை அசைத்தார்.

நான்காவது முறை, வரி பாதி இறங்கியபோது, அறையில் குரல் இரண்டானது. ஒன்று ஸ்பீக்கரில் இருந்தது. இன்னொன்று நாற்காலியிலிருந்து வந்தது. கரகரப்பாக, தயங்கித் தயங்கி, இருட்டுப் படியில் காலால் துழாவிப் பார்க்கிறவர் போல. கடைசி இடத்துக்கு முன்னால் ஒரு நொடி அது நின்றுவிட்டது. பிறகு அந்தக் குரல் இறங்கியது. பதிவில் இருந்த அளவுக்கு அழகாக இல்லை. கொஞ்சம் நடுங்கியது. ஆனால் இறங்கி, அங்கேயே நின்றது.

பாட்டு முடிந்தது. சந்தியாகு இரண்டு உள்ளங்கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அமலதாஸும் துடைத்துக்கொண்டார். இருவர் கையிலும் ராக்வுல் தூள் இருந்ததால் கண் எரிந்திருக்கும்.

சந்தியாகு எழுந்து திரும்பியபோதுதான் ஹபீபாவைப் பார்த்தார்.

“இவங்கதான்ணே எங்க டீச்சர்,” என்றார் அமலதாஸ்.

சந்தியாகு கும்பிட்டார். ஹபீபாவும் கும்பிட்டார்.

“கேக்குதுங்களா?” என்று ஹபீபா அவரிடம் கேட்டார்.

“கேக்குதும்மா. நல்லாக் கேக்குது.”

“சந்தோசம்.” ஹபீபா குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

அமலதாஸ் பதறிப் பின்னாலேயே வாசல் வரை வந்தார்.

“டீச்சர், சுவர் சரியா அமைஞ்சிருக்கான்னு நீங்க ஒரு தடவை உக்காந்து கேட்டுப் பாக்கலையே.”

ஹபீபா செருப்பை மாட்டிக்கொண்டார்.

“அதான் அவர் சொல்லிட்டாரே சார்.”